1911 பாகப் பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போவது எப்படி? பட்டா, இனாம், கோர்ட்டு ஆவணங்களில் முன்னோர் தேடல்

வடகரை

வணக்கம். கையில் இருப்பது 1911-இல் மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) பக்கம் பதிவான ஒரு பாகப் பத்திரத்தின் நகல். அண்ணன் தம்பி நான்கு பேர் பிரித்துக்கொண்டது. ஏ, பி, சி, டி என்று நான்கு ஷெடியூல். நன்செய்க்கு சர்வே நம்பர் போட்டிருக்கிறது, வீட்டு மனைக்கு நான்கு எல்லை மட்டும். தகப்பனார் பெயர் இருக்கிறது, பாட்டனார் பெயர் இல்லை. ஒரு துண்டு நிலத்துக்கு எதிரே "டி.டி. நம்பர்" என்று ஏதோ எழுதியிருக்கிறது. இதை வைத்து 1800 வரையாவது போக முடியுமா? எந்த ஆபீசில் எதைக் கேட்பது?

பழம்பத்திரம்

போகலாம். ஆனால் முதலில் பெயரை ஓரமாக வையுங்கள். முத்துசாமி குமாரர் ராமசாமி என்று தேடப் புறப்பட்டால் ஒரே கிராமத்தில் ஐந்து பேர் கிடைப்பார்கள், ஐந்து பேரும் உங்கள் ஆள் மாதிரியே இருப்பார்கள். நிலம் இடம் மாறாது. சர்வே நம்பரைப் பிடித்துக்கொண்டு போனால் பெயர்கள் தானாக வந்து உட்காரும்.

தஞ்சாவூர் ஜில்லாவில் முறையான சர்வே முடிந்து செட்டில்மென்ட், அதாவது நிலவரி நிர்ணயம், அமலுக்கு வந்தது 1890-களில். மறு செட்டில்மென்ட் 1920-களில். உங்கள் பத்திரம் 1911 என்பதால் அதில் இருப்பது முதல் செட்டில்மென்ட் நம்பர். இன்றைய ஆன்லைன் சிட்டாவில் அதே நம்பரைத் தட்டிப் பார்த்து, வேறு யாரோ பெயர் வருகிறதே என்று குழம்ப வேண்டாம். நடுவில் மறு செட்டில்மென்ட் உட்பிரிவுகள் வந்தன, பிறகு 1979-லிருந்து 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஏக்கர் சென்ட் எல்லாம் ஹெக்டேர் ஏர் ஆனது அதில்தான். பல ஊர்களில் நம்பரும் மாறியது. பழைய நம்பருக்கும் புது நம்பருக்கும் பாலம் கோரிலேஷன் ரிஜிஸ்டர். தாலுக்கா ஆபீசில் அந்தப் பெயரிலேயே கேளுங்கள். "பழைய ரெக்கார்டு வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் யு.டி.ஆர். அ-பதிவேட்டை நீட்டி அனுப்பிவிடுவார்கள்.

உங்களுக்கு வேண்டியது அந்தக் கிராமத்தின் செட்டில்மென்ட் ரிஜிஸ்டர். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும், கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமிலும் ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. மனுவில் இன்றைய மாவட்டத்தை மட்டும் எழுதாதீர்கள். மயிலாடுதுறை மாவட்டம் பிறந்தது 2020-இல், அதற்கு முன் நாகப்பட்டினம், 1991-க்கு முன் தஞ்சாவூர். காப்பகத்துப் பட்டியல் அந்தக் காலத்து ஜில்லா, தாலுக்கா வரிசையில்தான் இருக்கும். ஆகவே தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுக்கா, கிராமத்தின் பெயர், கிராம எண் என்று எழுதுங்கள். கிராமம் என்பது வருவாய் கிராமம். குடும்பம் இருந்த தெரு ஒரு குக்கிராமமாக இருந்து, பக்கத்து ஊர் பெயரில் கணக்கு நடந்திருக்கலாம்.

ரிஜிஸ்டரில் ஒவ்வொரு வரியும் ஒரு துண்டு நிலம். சர்வே நம்பர், உட்பிரிவு, அதற்கு முந்தைய பைமாஷ் (முறையான சர்வேக்கு முன்பிருந்த பழைய நில அளவை) நம்பர் அல்லது நிலத்தின் பெயர், சர்க்காரா இனாமா, நன்செயா புன்செயா, பாசன ஆதாரம், மண்ணின் வகையும் தரமும், தீர்வைக்கான (நிலவரிக்கான) தரம், ஏக்கருக்குத் தீர்வை விகிதம், விஸ்தீரணம், தீர்வை, கடைசியில் பட்டா நம்பரும் பட்டாதார் பெயரும். எல்லோரும் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பட்டா நம்பரைக் குறித்துக்கொண்டு அதே பட்டாவில் வேறு எந்தெந்தத் துண்டுகள் இருக்கின்றன என்று ரிஜிஸ்டர் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். 1911 பத்திரத்தின் நான்கு ஷெடியூலையும் கூட்டினால் வரும் துண்டுகளும் இதுவும் ஏறக்குறைய ஒத்துப்போனால், அந்தப் பட்டாதார் உங்கள் குடும்பம்தான். ஒத்துப்போகாத துண்டுகள் 1890-களுக்கும் 1911-க்கும் நடுவில் வாங்கியவை. அவற்றுக்குக் கிரயப் பத்திரம் இருக்கும். பைமாஷ் நம்பரையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். 1890-க்கு முந்தைய உலகத்துக்கு அதுதான் சாவி.

பட்டாவில் இருப்பவர் அன்று உயிரோடு இருந்தார் என்று மட்டும் நினைக்காதீர்கள். வாரிசு யாரும் எழுதிக் கொடுக்காமல் பட்டா தானாக மாறாது. செத்து முப்பது வருஷம் ஆனவர் பெயரில் தீர்வை கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் எக்கச்சக்கம். கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் பெயர் மட்டும் ஏறி, தம்பிகள் பெயர் இல்லாமலே போவதும் உண்டு.

செக்குபந்தி

பத்திரப் பதிவுப் பக்கம் நான் சொல்கிறேன்.

பதிவுச் சட்டப்படி இந்தப் பக்கத்தில் பதிவு ஆரம்பித்தது 1865 ஜனவரி 1. அதற்கப்புறம் சட்டம் பலமுறை மாறியது, இன்று நடப்பில் இருப்பது 1908 சட்டம். ஆன்லைனில் வில்லங்கம் போட்டால் பல அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிந்தியதுதான் வரும். அதற்கு முன்பு கையெழுத்துப் புத்தகம். சப் ரிஜிஸ்டர் ஆபீசில் தேடுதல் மனு போட வேண்டும். தனித் தேடல், பொதுத் தேடல் என்று இரண்டு உண்டு. வருஷமும் ஆளும் தெரிந்தால் தனித் தேடல் மலிவு. ஒரு ஊரை இருபது வருஷத்துக்கு அலச வேண்டுமானால் பொதுத் தேடல்.

புத்தகம் 1 அசையாச் சொத்து. புத்தகம் 3 உயில், சுவீகார அதிகாரம். புத்தகம் 4 மற்றவை. அட்டவணை 1 ஆள் பெயரில், அட்டவணை 2 சொத்தின் பெயரில், அதாவது கிராமவாரியாக. 1890-க்கு முன் சர்வே நம்பர் கிடையாது என்பதால் அட்டவணை 2-இல் கிராமத்தின் கீழ் வரும் எல்லாப் பதிவுகளையும் படித்தாக வேண்டும். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

புத்தகம் 1-ஐ யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயிலுக்கு எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவர் ஏஜென்டுக்கும் மட்டும் நகல், இறந்தபின் மனுப் போடும் எவருக்கும் உண்டு. 57-ஆவது பிரிவு. கவுன்டரில் மறுத்தால் பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதிவிடுங்கள், பாதி வாக்குவாதம் மிச்சம்.

சர்வே நம்பர் இல்லாத பத்திரத்தில் நிலத்தை அடையாளம் காண்பது செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லையை வைத்து. கிழக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால், மேற்கே கோயில் நிலம், வடக்கே இன்னார் நிலம். ஆள் பெயர் வரும் எல்லைகளை நம்பி இறங்காதீர்கள், விற்றால் மாறிவிடும். வாய்க்கால், பாதை, தேவஸ்தான நிலம் மாறாது. சேப்பாக்கம் மத்திய நில அளவை அலுவலகத்தில் கிராம வரைபடம் வாங்கி, வாய்க்காலும் கோயில் நிலமும் சேரும் மூலையைத் தேடினால் 1870 பத்திரத்து நிலத்தை 1890 நம்பரோடு பொருத்திவிடலாம். பைமாஷ் ரிஜிஸ்டரில் நிலத்துக்கு இருந்த பெயர் பத்திரத்திலும் வந்தால் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினை செல்லும். அதனால் புத்தகத்தில் பெயர் இல்லை என்பதை வைத்து "அந்தக் காலத்தில் நிலம் இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. சின்னக் குடும்பங்கள் 1920 வரை பதிவாபீஸ் படியே ஏறாமல் இருந்திருக்கலாம்.

பத்திரத்தின் பின்பக்கத்தையும் நகல் எடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் எழுதிக் கொடுத்தவரின் தகப்பன் பெயர்தான் இருக்கும். பின்பக்கத்து மேலெழுத்தில் அடையாளம் காட்டிய சாட்சிகளின் தகப்பன் பெயர், தொழில், ஊர் எல்லாம் வரும். சாட்சி பாதி நேரம் மைத்துனனோ மாமனோதான். பெண் எடுத்த ஊர் இப்படித்தான் தெரியவரும்.

குழிக்கணக்கு

தேதியும் அளவும் தெரியாமல் இறங்கினால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது, அதனால் சுருக்கமாக.

பசலி என்பது வருவாய்க் கணக்கு வருஷம். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில வருஷம். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. சென்னை மாகாணத்தில் பசலி ஜூலை 1-க்கு வந்தது 1855-இல், அதற்கு முன் ஜூலை 12. அறுபது வருஷப் பெயர் மட்டும் இருந்தால் எந்தச் சுற்று என்று பாருங்கள். தாது வருஷம் என்றால் பஞ்சம் வந்த 1876-77 என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். 1816-17-உம் தாது, 1936-37-உம் தாது. முத்திரைத் தாளில் ராணி தலையா ராஜா தலையா என்று பார்த்தாலே சுற்று தெரிந்துவிடும்.

அளவு: 1 வேலி 20 மா, 1 மா 100 குழி. 12 அடிக் கோலுக்கு ஒரு குழி 144 சதுர அடி, ஒரு மா 33 சென்ட், வேலி 6 ஏக்கர் 61 சென்ட். செங்கல்பட்டுப் பக்கம் காணி என்றால் 24 மனை, 57,600 சதுர அடி, 1 ஏக்கர் 32 சென்ட். ஆனால் வேலியின் பின்னமாக எழுதும்போது காணி என்பது எண்பதில் ஒரு பங்கு, வெறும் 25 குழி, 8 சென்ட் சொச்சம். ஒரே சொல், 16 மடங்கு வித்தியாசம். முன்னால் வேலியும் மாவும் வரிசையாக வந்து அதற்குப் பின் காணி வந்தால் அது பின்னம்.

1818-க்கு முந்தைய தீர்வை வராகனில் இருக்கும். 100 வராகன் 350 ரூபாய் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் ரூபாய், அணா, பை. 12 பை 1 அணா, 16 அணா 1 ரூபாய்.

எழுத்தில் ஒன்றே ஒன்று. ௸ என்ற குறி மேற்படி. "௸யார்" என்று வந்தால் கடைசியாகப் பெயர் சொல்லப்பட்டவர். இதைப் படிக்கத் தெரியாமல் விட்டால் மகன் செய்தது தகப்பன் கணக்கில் ஏறிவிடும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. எண் ௲௮௱௮௰௭ என்றிருந்தால் 1887. பழைய கையெழுத்தில் மெய்க்குப் புள்ளி இருக்காது, நெடில் ஏகார ஓகாரத்துக்குத் தனிக் கொம்பும் இருக்காது. ஊர்ப் பெயரை ஊகித்துத்தான் படிக்க வேண்டும்.

வடகரை

நிறைய தெரிந்துகொண்டேன், நன்றி. அந்த டி.டி. நம்பர் என்ன?

பழம்பத்திரம்

அதுதான் உங்கள் பத்திரத்திலேயே விலைமதிப்பான வரி. டி.டி. என்றால் டைட்டில் டீட். இனாம் கமிஷன் கொடுத்த பட்டயத்தின் எண். அப்படியென்றால் அந்தத் துண்டு ஒரு காலத்தில் இனாம்.

சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் 1858-இல் ஏற்பட்டது. ஜி.என். டெய்லர் முதல் கமிஷனர். தீர்வையில்லாமலோ குறைந்த தீர்வையிலோ அனுபவித்த ஒவ்வொரு துண்டையும் விசாரித்து, "இதை யார் கொடுத்தார், எப்போது, யாருக்கு, இப்போது வைத்திருப்பவர் அவருக்கு என்ன உறவு" என்று கேட்டு ஒரு ரிஜிஸ்டரில் ஏற்றினார்கள். அதுதான் ஐ.எஃப்.ஆர்., இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். 1860-களில் உயிரோடு இருந்த அனுபவதாரரின் பெயர், வயது, வசிக்கும் ஊர், முதல் மானியதாரருக்கு அவர் என்ன முறை, எல்லாம் கட்டம் போட்டு இருக்கும். சில பதிவுகளில் பழைய பசலிக் கணக்குகளில் யார் பெயர் இருந்தது என்பதும் வரும். ஒரே வரியில் இரண்டு மூன்று தலைமுறை. 1800 வேண்டும் என்றீர்களே, கிடைத்தால் இதில்தான் கிடைக்கும்.

காப்பகத்தில் கேட்கும்போது கிராமம், தாலுக்கா, டி.டி. நம்பர் மூன்றையும் கொடுங்கள். வந்தபின் கடைசிக் கட்டத்தில் டெப்டி கலெக்டர், கமிஷனர் எழுதிய முடிவைத் தவறாமல் படியுங்கள். கமிஷன் முன்னால் நின்றவர், மானியம் போய்விடக் கூடாது என்று முதல் மானியதாரரோடு உறவை நெருக்கிச் சொல்லியிருக்கலாம், மானியத்தைப் பழையதாக்கிச் சொல்லியிருக்கலாம். "ஆதாரம் காட்டவில்லை" என்று அதிகாரி எழுதியிருந்தால் அந்த உறவைப் பென்சிலில் எழுதுங்கள்.

இனாம் என்றாலே பிராமணக் குடும்பம், கோயில் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஊழிய மானியங்களும் இதே ரிஜிஸ்டரில்தான். தச்சர், குயவர், நாவிதர், வண்ணார், தலையாரி, வெட்டியான், கோயில் மேளக்காரர். பட்டாவே இல்லாத பல குடும்பங்களின் 1860 ஆள் பெயர் இந்த ஒரே இடத்தில்தான் எழுத்தில் இருக்கிறது.

ஜமீன் கிராமமாக இருந்தால் இந்தக் கதை செல்லாது. ராமநாதபுரம், சிவகங்கை மாதிரி இடங்களில் சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நேரடிக் கணக்கு கிடையாது, பட்டா ஜமீன் கச்சேரியில். அங்கே 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் நடந்த செட்டில்மென்ட் ரிஜிஸ்டர்தான் முதல் சர்க்கார் பதிவு என்று வைத்துக்கொள்ளலாம். சிறு இனாம்களுக்கு 1963-இன் 30-ஆவது சட்டம். அதன்கீழ் நடந்த விசாரணைக் கோப்புகளில் உரிமை கோரியவர்கள் பரம்பரையைச் சொல்லியிருப்பார்கள்.

வெண்ணாற்றங்கரை

எல்லாம் சரி. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு நிலமில்லாத குடும்பத்துப் பிள்ளை ஒருவன் செட்டில்மென்ட் ரிஜிஸ்டரைப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது. தஞ்சாவூர் ஜில்லாவில் உழுதவன் பெயர் பட்டாவில் இல்லை. பண்ணையாளுக்குப் பட்டா ஏது? வாரக் குடிக்கு எழுத்து ஏது? இதையும் சொல்லிவிடுங்கள்.

அவர்களுக்கு வேறு வாசல்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பின் 1892-லிருந்து தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ரிஜிஸ்டரில் நிபந்தனைப் பட்டா என்ற குறிப்போடு இருக்கும், ஒப்படை பெற்றவர் பெயரும் இருக்கும். இன்று அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்பது வேறு கதை. கிறிஸ்தவக் குடும்பமானால் மிஷன் ஞானஸ்நானப் பதிவேடு. கடல் கடந்தவர்களானால் கப்பல் பட்டியல். 1860-லிருந்து 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் ஒவ்வொருவருக்கும் எண் போட்டு, தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம் எழுதியிருக்கிறார்கள். மொரீஷியஸ் குடியேற்ற ஆவணங்கள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில். ஊரில் நிலத்தோடு இருந்தவனைப் பற்றிக்கூட இத்தனை விவரம் ஒரே வரியில் கிடைக்காது. ஊர்ப் பெயர்தான் பாடாய்ப் படுத்தும். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. தாலுக்காவை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்தத் தாலுக்காவின் கிராமப் பட்டியலை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்.

வக்கீல் குமாஸ்தா

கோர்ட்டுப் பக்கம் யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

முதல் கேள்வி, வழக்கு இருந்ததா என்பது எப்படித் தெரியும். நான்கு தடயம். பத்திரத்தின் முகப்பிலேயே "இன்ன கோர்ட்டு இன்ன வருஷத்து இன்ன நம்பர் டிக்ரிப்படி" என்று வரும். புத்தகம் 1-இல் கோர்ட்டு ஏலக் கிரய சர்டிபிகேட்டின் பிரதி இருக்கும், கோர்ட்டு அனுப்பி வைப்பதால் வில்லங்கத் தேடலில் அதுவும் வரும். செட்டில்மென்டுக்குப் பிந்தைய பட்டா மாறுதல் குறிப்பில் கோர்ட்டு உத்தரவு என்றிருக்கும். நான்காவது, அச்சான தீர்ப்புத் தொகுப்புகள். சென்னை ஹைகோர்ட்டு 1862-இல் வந்தது. இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் சென்னை வரிசை 1876-லிருந்து, மெட்ராஸ் லா ஜர்னல் 1891-லிருந்து. இவற்றில் பலவும் இணையத்தில் ஸ்கேனாக இருக்கின்றன. தேடும்போது அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். 'சாமி' என்பதை நாலு விதமாக எழுதுவார்கள், 'ஐயர்' மூன்று விதம். ஆள் பெயர் கிடைக்காவிட்டால் கிராமப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். தீர்ப்புத் தலைப்பில் கிழக்குத் தஞ்சாவூர் ஜில்லா கோர்ட்டு என்றிருந்தால் அது நாகப்பட்டினத்தில் உட்கார்ந்தது, தஞ்சாவூரில் போய்க் கேட்காதீர்கள்.

இரண்டாவது, எந்த வகை வழக்கைத் தேடுவது. கடன் வழக்கில் ஒன்றும் இருக்காது. பாக வழக்கில் அண்ணன் தம்பி தலைமுறை ஒன்றோ இரண்டோ. பொன் விளையும் இடம் பின்னுரிமை வழக்கு, ஆங்கிலத்தில் ரிவர்ஷனர் சூட் என்பார்கள். பிள்ளையில்லாமல் ஒருவர் இறக்கிறார், சொத்து விதவைக்குப் போகிறது. அவளுக்கு ஆயுள்வரை அனுபவம்தான், சட்டத் தேவை இல்லாமல் விற்றால் அது அவள் காலத்தோடு சரி. அவள் இறந்ததும் கணவன் வழிப் பங்காளிகள் நிலத்தை மீட்க வழக்குப் போடுகிறார்கள். வாதி ஜெயிக்க வேண்டுமானால் இறந்தவருக்குத் தான்தான் கிட்டிய சபிண்டன் (நெருங்கிய இரத்த உறவினன்) என்று காட்ட வேண்டும். அதற்குப் பொது மூதாதையிலிருந்து இரண்டு கிளையையும் இறக்கி வம்சாவளி வரைந்து, ஒவ்வொரு கண்ணியையும் சாட்சி வைத்து நிரூபித்தாக வேண்டும். ஐந்து தலைமுறை, ஆறு தலைமுறை கூடப் போகும். காலவரையறை விதவை இறந்த நாளிலிருந்து 12 வருஷம். ஆகவே உங்கள் குடும்பத்தில் பிள்ளையில்லாத விதவை ஒருத்தி இருந்து, அவள் இறந்த வருஷம் சுமாராகத் தெரிந்தால், அந்த வருஷத்திலிருந்து 12 வருஷத்துக்கான சூட் ரிஜிஸ்டரை (வழக்குப் பதிவேட்டை)த்தான் பார்க்க வேண்டும். மொத்தமாக அலச வேண்டாம்.

இதே மாதிரி சுவீகாரம் செல்லுமா என்ற வழக்கு, மைனர் கார்டியன் மனு, வாரிசுச் சான்று மனு, கர்ணம் (ஊர்க் கணக்கர்) வேலை யாருக்கு என்ற பரம்பரைக் கிராம உத்தியோக வழக்கு. கடைசியில் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 1895 சட்டப்படி அது ரெவினியூ அதிகாரிகள் முன்னால் நடந்தது, கோப்பு கோர்ட்டில் இருக்காது.

மூன்றாவது, வாங்குவது. முன்சீப் கோர்ட்டின் பழைய கட்டுகள் ஜில்லா கோர்ட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும். நகல் மனுவில் கோர்ட்டு, வருஷம், ஓ.எஸ். (அசல் வழக்கு) நம்பர், தீர்ப்புத் தேதி வேண்டும். வழக்கில் கட்சி இல்லாதவர் என்பதால் எதற்கு வேண்டும் என்று அபிடவிட்டோடு மூன்றாம் நபர் மனு போட வேண்டும். "குடும்ப வரலாறு" என்று மட்டும் எழுதாமல், இன்னாரின் வாரிசு என்று காட்டும் ஏதாவது ஒரு தாளையும் இணையுங்கள். பிராது (வாதியின் வழக்கு மனு), வாக்குமூலம், சான்றாவணக் கட்டுகள் காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்படுபவை. தீர்ப்பும் டிக்ரியும் சூட் ரிஜிஸ்டரும்தான் நெடுங்காலம் நிற்கும். "கட்டு அழிக்கப்பட்டது" என்று பதில் வந்தால் நொந்துபோய்த் திரும்பாமல், தீர்ப்பு மட்டும் வேண்டும் என்று இன்னொரு மனு.

கீழ்க்கோர்ட்டில் அழிந்தது மேலே பிழைத்திருக்கும். அன்றைய கடைசி அப்பீல் இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கென்றால் மொத்த ரெக்கார்டும் புத்தகமாக அச்சாகியிருக்கும். பிராது, சாட்சி வாக்குமூலம், பத்திரங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு, வம்சாவளி அட்டவணை எல்லாம். பிரிட்டிஷ் லைப்ரரியில் தொகுப்பு உண்டு. சொத்து மதிப்பு 10,000 ரூபாய்க்கு மேல் இருந்தால்தான் சாதாரணமாக அங்கே போக முடியும், எனவே நடுத்தரக் குடும்பங்கள் குறைவு. ஆனால் பெரிய இடத்து வழக்கில் சாட்சி சொன்னவர்கள் நடுத்தரம்தான். ஒவ்வொரு வாக்குமூலத்தின் தலையிலும் சாட்சியின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, தொழில், ஊர் இருக்கும். வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 40, 45, 50, 60 என்றுதான் எல்லோருக்கும் வயது.

செக்குபந்தி

குமாஸ்தா அண்ணே, ஒரு எச்சரிக்கை சேர்த்துவிடுங்கள். பிராதில் இருக்கும் வம்சாவளி வாதியின் கட்சி. அதைப் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். எதிர்வாதியின் பதில் மனுவில் "மூன்றாம் தலைமுறையில் காட்டப்படும் நபர் கற்பனை" என்று இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை.

வக்கீல் குமாஸ்தா

சரியாகச் சொன்னீர்கள். வம்சாவளி பற்றி நீதிபதி தனியாக எழுவினா (தீர்க்க வேண்டிய கேள்வி) வகுத்திருப்பார். அதற்கு என்ன முடிவு சொன்னார் என்று பார்க்க வேண்டும். இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்ட கண்ணிகள் நம்பத் தகுந்தவை. சண்டை நடந்த கண்ணியில் நீதிபதி எதை நம்பினார், வாய்ச்சொல்லையா, பழைய பத்திரத்தையா என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கு கிளம்பும் முன்பே எழுதப்பட்ட கடிதம், கல்யாணச் செலவுக் கணக்கு, ஜாதகக் கட்டு இவற்றுக்கு மதிப்பு அதிகம். வழக்கு கிளம்பிய பின் கண்டெடுக்கப்பட்ட ஓலைக்கு அவ்வளவு இல்லை. அப்பீலில் முடிவு மாறியதா என்றும் பாருங்கள். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்போடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான்.

நல்லூரான்

யாழ்ப்பாணப் பக்கம் தேடுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. எங்களிடம் பட்டா இல்லை, உறுதி எனப்படும் காணிப் பத்திரம்தான். 1840-இன் 7-ஆம் இலக்கச் சட்டப்படி காணி கைமாறினால் நொத்தாரிசு (நோட்டரி) முன்னால் உறுதி முடித்தாக வேண்டும். நொத்தாரிசின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். உங்களிடம் இருக்கும் உறுதியில் முந்திய உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் எழுதியிருக்கும். அதைப் பிடித்து ஒன்றின்மேல் ஒன்றாக ஏறலாம். தமிழ்நாட்டுப் பத்திரங்களில் பெண்கள் மறைந்துபோகிறார்கள் என்ற குறை இங்கே கொஞ்சம் குறைவு. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனக் காணி பெண்ணின் பேரில்தான் முடிப்பார்கள். சீதன உறுதியில் தாய், தகப்பன், பெண், சில வேளை மாப்பிள்ளையின் தகப்பன் பெயரும் வரும். தாய்வழியில் ஏற முதுசத்தை (தகப்பன் வழிச் சொத்தை) விடச் சீதனமே உதவும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு (காணிப் பதிவேடு) வரை போக வேண்டுமென்றால் குறிச்சியும் (ஊர்ப் பிரிவும்) காணிப் பெயரும் வேண்டும். காணிப் பெயர் இருநூறு வருஷமாக மாறாமல் உறுதிகளில் தொடர்வதால் அதுதான் கைப்பிடி. மாவட்ட நீதிமன்றத்தில் இறந்தவரின் சொத்துக்கு நடந்த டெஸ்டமென்டரி வழக்கில் வாரிசுகள் முழுப் பட்டியலாக இருப்பார்கள்.

வடகரை

கடைசியாக ஒன்று. பத்திரத்தில் தகப்பனார் பெயரும் மூத்த சகோதரரின் மகன் பெயரும் ஒன்றே. 1890-கள் பட்டாவில் அதே பெயர் இருந்தால் அது யார் என்று எப்படிச் சொல்வது? பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் எல்லாக் குடும்பத்திலும் உண்டே.

பழம்பத்திரம்

நல்ல கேள்வி, பெரும்பாலான வம்சாவளிகள் ஒரு தலைமுறை குறைந்தோ கூடியோ போவது இங்கேதான். பெயர் ஒன்று விட்டு ஒன்று வரும்போது மூன்று வேலை செய்யுங்கள். பட்டாதார் பெயரோடு தகப்பன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ரிஜிஸ்டரில் இல்லாவிட்டாலும் கிராமக் கணக்கில் இருக்கலாம், 10(1) சிட்டா, அடங்கல் பழைய பிரதிகள் தாலுக்காவில் பிழைத்திருந்தால். 1980-இல் பரம்பரைக் கர்ணம் வேலை ஒழிந்தபோது பல ஊர்க் கணக்குகள் ஒப்படைக்கப்படாமலே போயின, ஆகவே இது அதிர்ஷ்டம். அடுத்து, மைனருக்குத் தனியாகப் பட்டாவோ பத்திரமோ இருந்தால் "மைனர், கார்டியன் இன்னார்" என்று எழுதுவார்கள். பேரன் 1911-இல் மைனர் என்று உங்கள் பத்திரமே சொன்னால் 1890-கள் பட்டா அவனுடையதாக இருக்க முடியாது. மூன்றாவது, கையெழுத்து. பாட்டன் எழுதத் தெரியாமல் கீறல் போட்டவர், பேரன் கையெழுத்துப் போட்டவர் என்றால் பத்திர நகலில் அது தெரியும். நகல் எழுதிய குமாஸ்தா "கீறல்" என்று குறிப்பிட்டிருப்பார்.

பிறகு ஒரு தாளில் நீளவாக்கில் வருஷங்களையும் குறுக்கே ஒவ்வொரு சர்வே நம்பரையும் போட்டு, கட்டத்துக்குள் அந்த வருஷம் அந்த நிலத்தின் பெயர்தாரரை எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் எந்த ஆவணம் என்பதை விடாமல் எழுத வேண்டும். ஒரே பெயர் 1865-லும் 1911-லும் வந்து நடுவில் வேறு பெயர் இருந்தால் அது இரண்டு ஆள். நடுவில் மாறவே இல்லையென்றால் ஒன்று நீண்ட ஆயுசு, இல்லை பட்டா மாற்றாத குடும்பம். இனாம் ரிஜிஸ்டரில் 1860-களின் வயது இருக்கும், கூட்டிப் பாருங்கள். அன்றைக்கு 50 என்றால் 1911-இல் நூறு, அப்படியானால் அவர் பாட்டனார்தான்.

வடகரை

டி.டி. நம்பரோடு காப்பகத்துக்கு மனு எழுதுகிறேன். பைமாஷ் நம்பருக்குத் தனி மனுவா?

பழம்பத்திரம்

ஆமாம், தனி. செட்டில்மென்ட் ரிஜிஸ்டர் நகல் கையில் வந்தபின் போடுங்கள், அதில்தான் பைமாஷ் நம்பர் தெரியும். இரண்டையும் ஒரே மனுவில் போட்டால் ஒன்று கிடைக்கவில்லை என்பதற்காக இரண்டும் கிடப்பில் போகும்.